பிளேட்லெட் எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை தொடங்கினால் பெங்களூரில் டெங்கு பேச்சும் தொடங்கிவிடும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" தங்கள் இதழின் டெங்கு கட்டுரையும் அந்த எண்ணோடு நின்றுவிட்டது. காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

டெங்கு வைரஸ் சுமார் 50 நானோமீட்டர் உருண்டை. உள்ளே மரபுக் குறிப்பு எழுதப்பட்ட, ஏறத்தாழ 11,000 எழுத்து நீளமுள்ள ஒற்றை ஆர்.என்.ஏ. இழை, அதிலிருந்து கிடைப்பவை 10 புரதங்கள். அவற்றைச் செய்துகொள்ளச் சொந்தச் சரக்கு கிடையாது. நம் வெள்ளணுக்களுக்குள் புகுந்து, அங்கு புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை வைத்தே வேலையை முடித்துக்கொள்கிறது. ஆன்டிபயாடிக்குகள் குறிவைப்பது பாக்டீரியாவின் செல் சுவர், ரைபோசோம் போன்றவற்றை. வைரஸில் அவை இல்லாதபோது மருந்துக்கடையில் அசித்ரோமைசின் கேட்டு என்ன பயன்?

வைரஸின் அந்தப் பத்துப் புரதங்களில் ஒன்றான என்.எஸ்.1 ரத்தத்தில் கலக்கிறது. முதல் 5 நாள் பரிசோதனையில் சிக்குவது இதுதான். ரத்தக்குழாயின் உட்சுவரைக் கசியவைப்பதிலும் அதற்குப் பங்குண்டு. கடுமையான கசிவு வருவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் சமயத்தில், 3 முதல் 7ஆம் நாளுக்குள். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். ஜுரம் விட்டதென்று ஆபீஸ் கிளம்புகிற நேரம் அது! நீர்ப்பகுதி கசிந்தால் மிச்ச ரத்தம் கெட்டியாகும். ரிப்போர்ட்டில் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு) என்றிருக்கும் வரியைப் பாருங்கள்: பிளேட்லெட் இறங்க இறங்க, 40 இருந்த பி.சி.வி. 48க்கு ஏறுகிறது என்றால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைதல் இருந்தாலும் அப்படியே. பப்பாளி இலைச்சாறு கொடுத்துவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்பது வீண் தாமதம். ஜுரத்துக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபெனும் ரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டும்.

ஒருமுறை வந்தவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. டெங்குவில் 4 வகை. முதலில் வந்த வகைக்கு உடலில் உருவான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), அடுத்து வரும் வேறு வகையைப் பற்றிக்கொண்டாலும் முடக்காமல், வெள்ளணுவுக்குள் கொண்டுபோய் விட்டுவிடக்கூடும்.

காவிரி நீர் தினமும் வராத தெருக்களில் டிரம்மில் பிடித்து வைப்பதைத் தவிர்க்க முடியாது. ஆனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் முட்டையை ஒட்டவைக்கிறது. அது காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை உட்புறத்தைப் பிரஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, மூடி போட வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு