புதுப் பை பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பலகாரக் கடை இருக்கும் சாலைக்கு, மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பெயர். கடையின் புதுக் காகிதப் பையை யாரோ படம் எடுத்து, "துன் சம்பந்தன் பெயரையே தூக்கிவிட்டார்கள், தமிழர் கடை இப்படிச் செய்யலாமா?" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டிருக்கிறார். அது குழுவுக்குக் குழு தாவி, ஈப்போவில் இருக்கும் என் சம்பந்தி வரைக்கும் போய்விட்டது. அதனால்தான் இந்த மடல்.

பையின் முன்பக்கத்தில் 'பிரிக்பீல்ட்ஸ் ரோடு' என்று இருப்பது உண்மைதான். அது அப்பா கடை வைத்தபோது செய்த முத்திரை. அன்றைக்குச் சாலையின் பெயரே அதுதான். பின்பக்கம் திருப்பினால் 'ஜாலான் துன் சம்பந்தன்' என்று முழு முகவரியும் இருக்கிறது. படம் எடுத்தவர் பையைத் திருப்பவில்லை.

பழைய பெயர் வெள்ளைக்காரன் மிச்சம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். 1881-இல் கோலாலம்பூர் தீயில் எரிந்தது, அதே ஆண்டு வெள்ளத்திலும் மூழ்கியது. இனி அத்தாப்பு ஓலைக் கூரை வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று ஆங்கிலேய அதிகாரி சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டார். அதற்கான செங்கல் சூளைகள் நம் பகுதியில் எரிந்தன, அதனால்தான் 'பிரிக்பீல்ட்ஸ்' என்ற பெயர். பிறகு ரயில்வே வந்தது, ஊழியர் குடியிருப்பும் வந்தது. உங்களில் எத்தனை பேருடைய தாத்தா ரயில்வேக்காரர்! அந்தப் பெயரிலும் நமக்குப் பங்கு இருக்கிறது.

சம்பந்தன் ஐயாவை மதிக்கவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் நம் மக்கள் வேலையும் வீடும் போய் நின்றபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் மாதம் 10 வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கியவர் அவர். எங்கள் பாட்டி பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த காசில் அந்தப் பங்கு கட்டியவர். எங்களுக்கா மரியாதை தெரியாது? 1979-இல் ஐயா மறைந்த பிறகு சாலைக்கு அவர் பெயர் வந்ததில் அப்பாவுக்குப் பெருமைதான். ஆனாலும் வாய் என்னவோ பிரிக்பீல்ட்ஸ் ரோடு என்றே சொல்லும். உங்களில் பலருக்கும் அப்படித்தானே?

சரி, போகட்டும். மோனோரயில் வந்து, லிட்டில் இந்தியா வந்து, தோரணவாயிலும் எழும்பிவிட்டது. பார்க்கிங் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தாலும் எங்களை விடாமல் வருகிறீர்கள். புலனத்தில் எங்களுக்காகப் பரிந்து பேசியவர்களுக்கு மனமார்ந்த நன்றி. நீங்கள் பேசியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம்.

அப்புறம், எண்ணெய் விலை உங்களுக்கே தெரியும். அடுத்த மாதம் முதல் முறுக்குப் பொட்டலம் 1 வெள்ளி கூடும், திங்கட்கிழமை கடை இருக்காது. தீபாவளிப் பலகாரத்துக்கு இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்