ரத்தம் போகும்போதே படம் எடு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஆஸ்பத்திரிக்கு 64 ஸ்லைஸ் சி.டி. வந்துவிட்டது என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆசனவாய் வழியே ரத்தம் கொட்டும் நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டுக் கவலையோடு நிற்கும் நிலை இனி குறையும்.

சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. படம்) எடுத்தும் பலருக்கு ரத்தம் கசியும் இடம் தெரிவதில்லையே என்று கேட்டிருந்தாய். முதலில் எடுத்த நேரத்தைப் பார். குடல் ரத்தக்கசிவு விட்டு விட்டு வரும். கசிந்துகொண்டிருந்தால் நிமிடத்துக்கு 0.3 மி.லி. அளவையே சி.டி. காட்டிவிடும், ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் செலுத்தி எடுக்கும் கதீட்டர் ஆஞ்சியோவுக்கு 0.5 மி.லி.யாவது வேண்டும். நின்றுவிட்டால் எந்த மெஷினுக்கும் தெரியாது. சாயங்காலம் ரத்தம் போனவருக்கு மறுநாள் காலை ஸ்லாட் கொடுப்பது வீண். நாடித்துடிப்பை சிஸ்டாலிக் அழுத்தத்தால் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) வகுத்துப் பார்; 1-க்கு மேல் போனால் சி.டி.தான் முதல் பரிசோதனை என்கிறது பிரிட்டிஷ் இரைப்பை குடலியல் சங்கத்தின் 2019 வழிகாட்டி. அந்த நிலையில் சிறுநீரக நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதே. ரத்த வாந்தி எடுப்பவர் மட்டும் முதலில் எண்டோஸ்கோப்பிக்குப் போகட்டும்.

அடுத்தது, குடிக்கக் கொடுப்பது. வயிறு சி.டி. என்றாலே கான்ட்ராஸ்ட் (படத்தில் வெள்ளையாகத் தெரியும் மருந்து) கலந்த தண்ணீரை நீட்டுவது டெக்னீஷியன்களின் பழக்கம். இங்கே அது கூடவே கூடாது. குடலுக்குள் ஏற்கெனவே வெள்ளையாக இருந்தால் கசிவு அதில் மறைந்துபோகும். வெறும் தண்ணீரும் வேண்டாம், கசிந்த மருந்தை நீர்த்துப்போகச் செய்யும்.

முழங்கை மடிப்பில் பச்சை வென்ஃப்ளான் (சிரைக்குள் மருந்து ஏற்றும் அகலமான ஊசிக்குழாய்) போடு. 100 மி.லி. கான்ட்ராஸ்ட், நொடிக்கு 4 மி.லி. மெல்லிய நீல வென்ஃப்ளான் அந்த வேகத்தைத் தாங்காது. வேகம் குறைந்தால் தமனிக் கட்டப் படம் (மருந்து தமனிகளில் நிறைந்திருக்கும்போது எடுப்பது) மங்கிவிடும். உதரவிதானத்திலிருந்து ஆசனவாய் வரை மூன்று முறை எடுக்க வேண்டும்: கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒன்று, பெருந்தமனிக்கு மருந்து வந்ததைக் கண்டதும் படத்தைத் தொடங்கும் போலஸ் டிராக்கிங் வைத்துத் தமனிக் கட்டம், ஊசி தொடங்கி 70 முதல் 80 நொடியில், மருந்து சிரைகளுக்கு வந்தபின், சிரைக் கட்டம். கதிர்வீச்சைக் குறைக்கிறோம் என்று முதல் படத்தை விட்டுவிடுகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. விழுங்கிய மாத்திரை, பழைய சிகிச்சையில் போட்ட கிளிப், இறுகிய மலம் எல்லாமே தமனிக் கட்டத்தில் கசிவு மாதிரியே மின்னும். மூன்றிலும் அசையாமல் ஒரே மாதிரி இருந்தால் அது ரத்தமில்லை. முதல் படத்தில் இல்லாமல், தமனிக் கட்டத்தில் தோன்றி, சிரைக் கட்டத்தில் பெரிதாகியோ இடம் மாறியோ தெரிந்தால் அதுதான் கசிவு. கசிவே தெரியாவிட்டாலும் முதல் படத்தைத் திரும்பப் பார்: குடலுக்குள் அடர்த்தியான ரத்தக்கட்டி கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் ரத்தம் கசிந்த இடம் இருக்கும்.

கண்டுபிடித்த பிறகும் நேரத்தைக் கோட்டை விடாதே. ரிப்போர்ட் டைப் ஆகும் வரை காத்திருக்காமல், குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மேல் மெசென்டெரிக் தமனியா கீழ் மெசென்டெரிக் தமனியா, எந்தக் கிளை என்று கதீட்டர் சிகிச்சை நடக்கும் கேத் லேபுக்குப் போனில் சொல். ஒன்றரை மணி நேரத்துக்குள் கதீட்டர் உள்ளே போனால், அங்கேயும் கசிவு தென்பட வாய்ப்பு அதிகம். கசிவை அடைக்கும் காயிலை (சிறு உலோகச் சுருள்) குடல் சுவருக்கு அருகில் இருக்கும் சின்னக் கிளையில் வைத்தால்தான் குடல் அழுகாமல் தப்பும்.

மெதுவாக, விட்டு விட்டுக் கசிபவருக்கு டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய சிவப்பணு ஸ்கேன் உதவும், நிமிடத்துக்கு 0.1 மி.லி. போதும், மணிக்கணக்கில் படம் எடுக்கலாம். ஆனால் பல மணி நேரம் கழித்து முதன்முதலாகத் தெரியும் கசிவை நம்பி அறுவை சிகிச்சைக்கு இடம் குறிக்காதே. குடல் அசைவில் ரத்தம் முன்னும் பின்னும் நகர்ந்திருக்கும்.

இரவு டியூட்டி டெக்னீஷியனுக்கு இதையெல்லாம் அரைப் பக்கத்தில் தமிழில் எழுதி, சி.டி. அறைச் சுவரில் ஒட்டிவிடு. எம்போலைசேஷனுக்கு (கசியும் ரத்தக்குழாயை உள்ளிருந்து அடைக்கும் சிகிச்சை) எங்கே அனுப்புகிறீர்கள், போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ரவி