வணிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு: லாபக் கணக்குக்கும் மேடை கொடுங்கள்

தமிழ்நாட்டின் ஊர்தோறும் வணிகர் சங்கம் நடத்தும் பெரியோர்களுக்கு வணக்கம்.

மே 5 வணிகர் தின மாநாடுகளில் வரியைப் பற்றியும் ஆன்லைன் நிறுவனங்களைப் பற்றியும் தீர்மானம் போடுகிறீர்கள். போட வேண்டியவைதான். சிறு மளிகைக் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் நான் கேட்பது இன்னொன்று. லாபத்தைக் கணக்கிடுவது எப்படி என்று உங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

100 ரூபாய்ச் சரக்கை 115க்கு விற்பவர், 15 சதவீத லாபம் என்கிறார். வாங்கிய விலையின்மேல் அது சரி. ஆனால் கல்லாவில் சேர்வது விற்ற பணம். மாதம் 3 லட்சத்துக்கு விற்றால் 45,000 நிற்கும் என்று நம்பி வாடகை, சம்பளம், சீட்டு என ஒதுக்கிவிடுகிறார். நிற்பதோ சுமார் 39,130தான். விற்பனையில் 13 சதவீதம். குறையும் தொகை மாதாமாதம் சரக்கு தரும் ஏஜென்சிக்கான பாக்கியாக ஏறுகிறது. பணம் எங்கே போகிறதென்று புரியாமல், வேலைக்கு நிற்கும் பையனைச் சந்தேகப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது என்னை மிகவும் வருத்துகிறது.

விற்பனையில் 20 சதவீதம் நிற்க வேண்டுமென்றால் அடக்க விலையை, அதாவது சரக்கு கடைக்கு வந்துசேர ஆகும் மொத்தச் செலவை, 0.80ஆல் வகுக்க வேண்டும். 80 ரூபாய்ப் பொருளுக்கு 100 ரூபாய் வரும். வெறுமனே 20 சதவீதம் கூட்டினால் 96தான் வரும்.

தள்ளுபடியில் இது இன்னும் கொடுமை. 100க்கு வாங்கி 125 விலை வைத்த பொருளுக்கு, எதிரே திறந்த பெரிய கடையைப் பார்த்து 10 சதவீதம் குறைக்கிறார்கள். விலை 112.50 ஆகிறது. 25 ரூபாய் லாபத்தில் பாதி போய்விட்டது. பழைய லாபத்தைப் பார்க்க இரு மடங்கு சரக்கு விற்றாக வேண்டும். தெருவில் அத்தனை வீடுகள் எங்கே இருக்கின்றன?

அடக்க விலையே பலரிடம் தவறாக இருக்கிறது. கிலோ 100 ரூபாய் வீதம் 50 கிலோ பருப்பு மூட்டை என்று வைத்துக்கொள்வோம். வண்டி வாடகையும் இறக்குக்கூலியும் 60 ரூபாய். தூசி, சிந்தல், எடைபோடும்போது தாராளமாக விடும் கை எல்லாம் சேர்த்து ஒரு கிலோ போனால் விற்க 49 கிலோதான் இருக்கும். அடக்கம் கிலோவுக்கு 103 ரூபாய்க்கு மேல். 110க்கு விற்றால் மூட்டைக்கு 330 ரூபாய், அதாவது விற்பனையில் 6 சதவீதம். கடைக்காரர் மனத்தில் இருப்பதோ 10 சதவீதம்.

ஜிஎஸ்டி தொகுப்புத் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் 'காம்போசிஷன்' முறை) இருக்கும் கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வரிக்குட்பட்ட விற்பனையில் 1 சதவீதம்தானே என்கிறார்கள். அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்க முடியாது. 100க்கு வாங்கி 110க்கு விற்றால் 1.10 ரூபாய் அந்த 10 ரூபாயிலிருந்துதான் போகும். லாபத்தில் 11 சதவீதம். கொள்முதலில் கட்டிய வரியையும் திரும்பப் பெற முடியாது என்பதால் அதுவும் அடக்கத்தில்தான் சேரும். பாக்கெட் பொருளுக்கு அதிகபட்ச விலை அச்சாகிவிடுவதால் கூட்டி விற்கவும் வழியில்லை. ஆகவே, "20 சதவீதம் கிடைக்கும் அண்ணாச்சி" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால், எதன்மேல் 20, வரிக்கு முன்பா பின்பா என்று அங்கேயே கேட்கத் தெரிய வேண்டும்.

குறைந்த லாபமெல்லாம் கெட்டதென்று நான் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை காலியாகும் சர்க்கரை, ஆறு மாதம் அலமாரியில் கிடக்கும் அழகுப் பொருளைவிடக் கடையை நன்றாகவே தாங்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. விலைப்பட்டியலில் வரி சேர்ந்த நிகர அடக்கத்தையும், அச்சிட்ட விலையில் கடைக்கு நிற்கும் சதவீதத்தையும் எழுதித் தரும்படி நிறுவனங்களிடம் சங்கத்தின் பெயரால் கேளுங்கள். கணக்கு வகுப்புகளைப் பகலில் வைக்காமல் கடை அடைத்த பிறகு இரவில் வையுங்கள். தனி ஆளாகக் கடை நடத்துகிறவர்களுக்கு அப்போதுதான் வர முடியும்.