அந்தப் பத்து நிமிடம்

ஐயா,

கதை சொல்பவரே வாசகரிடம் ரகசியத்தை மறைப்பது அழுகுணி ஆட்டம் என்று ஞாயிறு இணைப்பில் ஒருவர் எழுதியிருந்தார். மயிலாடுதுறையில் 22 ஆண்டுகள் வாடகை நூலகம் நடத்தியவள் நான். இதே புகாரை நேரிலேயே கேட்டிருக்கிறேன். (அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலை இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால், இந்தக் கடிதத்தை இத்தோடு விட்டுவிடுங்கள்.)

வங்கிக் காசாளர் ஒருவர் அந்தப் புத்தகத்தை மேசைமேல் தொப்பென்று போட்டார். “கதை சொல்ற டாக்டரே கொலைகாரனாம். என்ன நியாயம் இது? வாடகையைத் திருப்பிக் குடுங்கம்மா.”

நான்காம் அத்தியாயத்தைப் பிரித்துக் காட்டினேன். 8.40 மணிக்கு, கொலையாகப்போகும் அக்ராய்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. கதை சொல்லும் டாக்டர் ஷெப்பர்ட் கிளம்பும்போது மணி 8.50, கடிதம் இன்னும் படித்தபாடில்லை. கதவுப் பிடியில் கை வைத்தபடி, செய்யாமல் விட்டது ஏதாவது உண்டா என்று டாக்டர் திரும்பிப் பார்க்கிறார்.

“நடுவுல பத்து நிமிஷம் இருக்கே சார், அதுல என்ன நடந்ததுன்னு எழுதியிருக்கா?” என்று கேட்டேன். கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் வீட்டுக்குப் போகாத மனிதர், பத்து நிமிடத்தைக் கோட்டை விட்டிருந்தார்.

அந்தப் பத்தியில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. முதல் வாக்கியத்துக்குப் பின், ஏதோ விடுபட்டிருக்கிறது என்று காட்டும் நட்சத்திரக் குறிகள் போட்டிருந்தால் யாராவது யோசித்திருப்பார்களோ என்று கடைசியில் டாக்டரே பெருமையடித்துக்கொள்வார். சரியான திமிர்!

1926-இல் புத்தகம் வந்தபோதே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளை வகுத்த ரொனால்ட் நாக்ஸ் பாதிரியார், துப்பறிபவரின் தோழன் (இந்தக் கதையில் நம் டாக்டர்தான்) மனதில் ஓடுவதை ஒளிக்கக் கூடாது என்றே ஒரு விதி வைத்தார். எல்லாரையும் சந்தேகப்பட வேண்டியது வாசகரின் வேலை என்று இன்னொரு துப்பறியும் கதை எழுத்தாளரான டோரதி சேயர்ஸ் கிறிஸ்டியின் பக்கம் நின்றார். நானும் அந்தப் பக்கம்தான்.

வேறு சில கதைகளில், கடைசி அத்தியாயத்தில் திடீரென்று இரட்டைப் பிறவியை இறக்குகிறார்களே, அதைத்தான் ஏமாற்று என்பேன். திரும்பிப் போய்ப் பார்த்தாலும் அங்கே ஒன்றும் இருக்காது. (முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதிவைக்கும் உறுப்பினர்களைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.)

காசாளர் அப்புறம் வாடகையைத் திருப்பிக் கேட்கவில்லை. இன்னொரு வாடகை கொடுத்து, அதே புத்தகத்தை மறுபடி எடுத்துப்போனார்.

முன்னாள் வாடகை நூலகக்காரி,
மயிலாடுதுறை