நாளைக்கே போய்ப் பதி

அன்புள்ள தம்பிக்கு,

சூரிச்சில் உனக்கு வேலை போனதை அக்கா சொல்லித்தான் அறிந்தோம். எங்களுக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில், அதுதான் ஆர்ஏவியில், நீ இன்னும் பதியவில்லையாம். "நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் வேலையில்லை, அதில் நானும் ஒருத்தன்" என்று அவளிடம் சொன்னாயாம். அது கேட்டதிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை.

அந்தக் கணக்கை வைத்து உன்னை எடைபோடாதே. சுவிஸில் 2024இல் வேலையில்லாதோர் 2.4 வீதம் என்றது ஆர்ஏவியில் பதிந்தவர்களை மட்டும். பதியாமல் வேலை தேடுகிறவர்களையும் விசாரித்து எடுக்கிற இன்னொரு கணக்கு 4 வீதத்தைத் தாண்டும். காப்புறுதிக் காசு எடுக்கும் நாட்கள் முடிந்து பதிவை விட்டவர்களும் முதல் கணக்கில் வரமாட்டார்கள். இன்றைக்கு நீயும் அதில் இல்லை.

எழுபதுகளில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது தொழிற்சாலைகள் வெளிநாட்டு ஆட்களைத்தான் முதலில் நிறுத்தின. வேலை போனால் விசாவும் போகும். இத்தாலியர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குத் திரும்பினார்கள், இங்கே வேலையில்லாதோர் கணக்கு ஒரு வீதத்தைக்கூடத் தொடவில்லை. என்னோடு சமையலறையில் நின்ற கிழவர் ஒருவரின் தமையனும் அப்படிப் போனவர்தான். 1977இல்தான் வேலையிழப்புக் காப்புறுதி சம்பளத்துக்கு வேலை செய்கிற எல்லோருக்கும் கட்டாயமானது.

நான் வேலை செய்த உணவகத்தைப் பூட்டியது 1997இல். அந்த வருஷம் வேலையில்லாதோர் 5.2 வீதம். நீ கைக்குழந்தை. பேர்ணில் கடை கடையாக ஏறி, கடையின் பெயர், திகதி, சொன்ன பதில் எல்லாம் ஆர்ஏவி தாளில் எழுதிக் கொடுப்பேன். பதில் கட்டத்தில் முக்கால்வாசியும் "ஆள் தேவையில்லை". அந்தக் காப்புறுதி தந்த காசில்தான் உனக்குப் பால்மா வாங்கினோம். யாரும் எங்களுக்குப் பிச்சை போடவில்லை. உன் சம்பளத் தாளை எடுத்துப் பார்: ஏஎல்வி, அதாவது வேலையிழப்புக் காப்புறுதி, என்று மாதாமாதம் 1.1 வீதம் வெட்டியிருப்பார்கள், முதலாளியும் அதேயளவு கட்டியிருப்பார்.

பதியாமல் கழிந்த நாட்களுக்குக் காசு தரமாட்டார்கள். உனக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால் பெரும்பாலும் சம்பளத்தில் 70 வீதம் வரும். நோட்டீஸ் காலத்தில் வேலை தேடியதற்கும் ஆதாரம் கேட்பார்கள், அனுப்பிய விண்ணப்பங்களை அழித்துவிடாதே. பிறகு ஒவ்வொரு மாதமும் வேலை தேடிய கணக்கையும் அடுத்த மாதம் 5ஆம் திகதிக்குள் கொடுத்துவிடு. பிந்தினால் காசு தரும் நாட்களை வெட்டுவார்கள்.

சித்தப்பா வீட்டுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம், அந்தக் கவலையை விடு. வாடகைக்கு முட்டுப்பட்டால் எனக்கு நேரே ஃபோன் எடு, அக்காவுக்கு அல்ல.

அப்பா