நாற்பது மில்லிமீட்டர் தந்தவர்களுக்கு

காரைக்குடி

அன்புடையீர், வணக்கம்.

போன மாதம் வரை, உலோகத்தைச் செதுக்கும் என் சின்ன மில்லிங் மெஷினில் வேலைத்துண்டைக் கட்டும் டேபிள் முன்னும் பின்னும் 98 மி.மீ.தான் நகரும். இப்போது 138 மி.மீ. நகர்கிறது. கூடுதலாகக் கிடைத்த இந்த 40 மி.மீ.யில் என் உழைப்பு கொஞ்சம், மீதியெல்லாம் உங்களுடையது. ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லிவிட்டேன் என்றாலும், நாலு பேர் அறியச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

பழைய வீட்டுக் கதவுகளைச் செப்பனிடும் கோட்டையூர் ஆசாரி ஐயா கொண்டுவந்த ஒரு பூட்டுத் தகட்டில்தான் இது தொடங்கியது. நிலைக்கதவின் பித்தளைத் தகடு உடைந்துவிட்டது, அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார். அகலம் அஞ்சு அங்குலம், அதாவது 127 மி.மீ. என் டேபிள் அவ்வளவு தூரம் போகாது. பாதி வெட்டி, கழற்றித் திருப்பிக் கட்டி, மறுபாதியை வெட்டிக் கொடுத்தேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐயா தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே மெதுவாக இழுத்தார். நடுவில் நகம் தட்டியது. அப்புறம் நுண்ணிய மேடுபள்ளம் அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், 0.05 மி.மீ. மேடு. எட்டு நூல் ஓர் அங்குலம் என்று நூல் கணக்கில் வேலை செய்கிறவரின் நகத்துக்கு அது தெரிந்துவிட்டது. "பரவாயில்ல தம்பி, மாட்டிக்கலாம்" என்றார். எனக்கு அந்தத் தகட்டைக் கொடுக்க மனசு வரவில்லை. ஐயா, குறை சொல்லாமல் குறையைக் காட்டினீர்கள். முதல் நன்றி உங்களுக்கு.

அடுத்து, ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. வாத்தியார் ஐயா. இவரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். டேபிளைத் தாங்கும் சாடிலின் பின்பக்கத்தைக் கொஞ்சம் அறுத்துவிட்டால் இன்னும் பின்னால் போகும் என்று நான் கணக்குப் போட்டு, கோடுகூடக் கிழித்துவிட்டேன். தற்செயலாக வந்தவர் கோட்டைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "வெட்டினது வெட்டினதுதான் தம்பி. சேர்த்தா, வேண்டாம்னா கழட்டிக்கலாம்." சாடில் குட்டையானால் அது சறுக்கி ஓடும் டவ்டெயில் தடத்தில் பிடிப்பு குறையும், வெட்டும்போது டேபிள் ஆடும் என்று விளக்கினார். எங்கே முட்டுகிறது என்று முதலில் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். பின்னால் தூணில்தான் முட்டுகிறது. என் மெஷினில் தூண், அடித்தளத்தின் பின்முகத்தோடு நாலு ஆலன் போல்ட்டில் முடுக்கியிருக்கும். நடுவே 40 மி.மீ. கனத்தில் ஒரு கட்டி வைத்தால் தூணும், அதிலிருந்து வெட்டும் டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் சேர்ந்து பின்னால் போகும், சாடிலில் கை வைக்கவே வேண்டாம்.

கட்டிக்கு வார்ப்பிரும்பு வேண்டும். புதுவயல் ரைஸ் மில் அண்ணன், பழைய இன்ஜின் படுக்கையிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். எத்தனையோ வருஷம் வெயிலும் சூடும் குளிரும் பார்த்த வார்ப்பு, இனிமேல் முறுக்கிக்கொள்ளாது என்று வாத்தியார் ஐயா அதைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எடைக்குக் காசு கொடுக்கப் போனேன், அண்ணன் வாங்கவில்லை. தேவகோட்டை லேத் பட்டறையில், இரும்பைச் சீவித் தட்டையாக்கும் ஷேப்பரில் போட்டு இரண்டு முகத்தையும் எடுத்துக் கொடுத்தார்கள். சாடில் மேலே ஏறிப் போக மேல்பக்கம் தாழ்த்தி, டேபிளை முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்க்ரூவின் வால் நுழைய ஓர் ஓட்டையும் போட்டார்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. கட்டியின் உயரம் 100 மி.மீ. அந்த உயரத்தில் இரண்டு முகமும் 0.02 மி.மீ. இணை தப்பினால், 400 மி.மீ. மேலே தூணின் உச்சி 0.08 மி.மீ. சாய்ந்துவிடும். வாத்தியார் ஐயா தன் வீட்டில் இருக்கும், துல்லியமாகத் தட்டையான சர்பேஸ் பிளேட்டில் நீலம் தடவி, கட்டியை வைத்து எட்டுப் போட்டது போலத் தேய்ப்பார். தூக்கினால் மேடான இடமெல்லாம் நீலப் பொட்டாகத் தெரியும். அந்தப் பொட்டுகளை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டுவார், துடைப்பார், மறுபடியும் வைப்பார். முதல் நாள் இரண்டு ஓரத்தில் மட்டும் நீலம். மூன்றாம் நாள் சாயங்காலம் முகம் முழுக்க அம்மை போட்ட மாதிரி பொட்டு. எழுபதைத் தாண்டிய கைகள், மூன்று சாயங்காலம். ஒரு டீக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

தேவகோட்டை லேத் அண்ணே, உங்களுக்குத் தனியாக நன்றி. பழைய ஸ்க்ரூவை விட 40 மி.மீ. நீளமாக ஒன்று கடைந்து தரச் சொல்லிப் படம் கொடுத்தேன். படத்தில் மரை எந்தப் பக்கம் என்று நான் போடவில்லை. கம்பியை லேத்தின் பிடியான சக்கில் மாட்டுவதற்கு முன்னால் போன் செய்தீர்கள். "கைப்பிடியை வலப்பக்கம் சுத்தினா டேபிள் உன்னை விட்டுத் தள்ளிப் போகுதா?" போகிறது என்றேன். "அப்ப இது இடது மரைப்பா." சாதாரண மரையாக வெட்டியிருந்தால் பழைய நட்டில் ஏறவே ஏறாது. லேத்தில் டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவை எதிர்ப்பக்கம் ஓடவிட்டு, சக் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம் ஒரு பள்ளம் போட்டு, அங்கிருந்து டூலை மறுமுனையான டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டி, மரைக்கு மரை 2 மி.மீ. என்ற பிட்ச் மாறாமல் வெட்டிக் கொடுத்தீர்கள். பிட்ச் மாறாததால்தான் கைப்பிடியில் 80 கோடு போட்ட என் பழைய டயல் இன்றைக்கும் கோட்டுக்கு 0.025 மி.மீ. என்று சரியாகச் சொல்கிறது.

வள்ளல் அழகப்பர் பெயரில் 1952 முதல் நம் ஊரில் நடக்கும் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கும் தம்பி படம் வரைந்து கொடுத்தான். 40 மி.மீ. போல்ட்டுக்குப் பதில் 80 மி.மீ. வாங்கினால்தான் மரைக்குள் பழைய ஆழம் கிடைக்கும் என்று கடைக்குப் போகும் முன்பே எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். தம்பி, நன்றாக வருவாய்.

மாட்டிய அன்று, தூண் நேராக நிற்கிறதா என்று பார்க்க ஸ்பிண்டிலில் டயல் கேஜை மாட்டி டேபிள்மேல் சுற்றினால் முன்னுக்கும் பின்னுக்கும் 0.06 மி.மீ. வித்தியாசம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாத்தியார் ஐயா பதறவில்லை, கழற்றச் சொன்னார். மெஷின் செய்தவர்கள் அடித்தளத்தின் பின்முகத்தில் பட்டி பார்த்து அதன்மேல் பெயின்டும் அடித்திருந்தார்கள், போல்ட்டை முடுக்கியதும் அது ஒருபக்கம் நசுங்கியிருந்தது. பிளேடால் வழித்து, இரும்பு தெரியத் துடைத்து மாட்டினோம். 0.01.

பின்கட்டைப் பட்டறையாக விட்டுத் தந்திருக்கும் ஆச்சிக்கும் நன்றி. மதியம் தூங்கும் நேரம் மெஷினை நிறுத்தச் சொன்னீர்களே தவிர, ஒரு நாளும் சத்தம் என்று முகம் சுளித்ததில்லை. மூன்று சாயங்காலமும் வாத்தியார் ஐயாவுக்கு மனகோலப் பலகாரத் தட்டு வந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடைசி 40 மி.மீ.யில் சாடில் அடித்தளத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே மெல்லிசாகத்தான் வெட்டுகிறேன். இதே மாதிரி மெஷின் வைத்திருப்பவர்கள் படம் கேட்டால் தருகிறேன், ஆனால் உங்கள் மெஷின் எங்கே முட்டுகிறது என்று முதலில் அளந்துவிட்டு வாருங்கள்.

ஆசாரி ஐயா, புதுத் தகடு தயார். ஒரே கட்டில் வெட்டியது. நகம் வைத்துப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வாத்தியார் ஐயா, பழைய ஸ்க்ரூவையும் நாலு குட்டை போல்ட்டையும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, நீங்கள் சொன்னபடி மெஷினுக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
பின்கட்டுப் பட்டறைக்காரன்