பானிஸ்டர் எழுத்தைக் கைவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலிவுத்தாளில் அச்சான அமெரிக்க விஞ்ஞானக் கதை இதழ்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் மான்லி பானிஸ்டருக்கு இரண்டே வரிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் முதல் வரிசைக் கதாசிரியர் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால், "பின்னாளில் எழுத்தைக் கைவிட்டு, பைண்டிங் கற்றுத்தரும் புத்தகங்களைப் போட்டுக் காலந்தள்ளினார்" என்ற வாக்கியத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை. தங்கள் பார்வைக்கு வராமல் ஒரு வரியும் அச்சேறாது என்று அறிந்தவன் ஆதலால், கட்டுரையாளரை விட்டுவிட்டுத் தங்களுக்கே எழுதுகிறேன்.

தங்களுக்குத் தெரியாத செய்திகள் அல்ல இவை. 1940களில் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் ஓநாய் மனிதர் கதைகளை எழுதிய பானிஸ்டர், 1950, 51 வாக்கில் கான்ஸஸ் நகரத்திலிருந்து 'நெக்ரோமான்டிகான்' என்ற சிறுபத்திரிகையைத் தாமே நடத்தினார். 'கான்க்வெஸ்ட் ஆஃப் எர்த்' நாவல் 1957இல் வந்தது. 1961இல் 'ஃபென்டாஸ்டிக்' இதழில் 'மேக்னாந்த்ரோபஸ்' தொடர்கதை வெளியானது. செப்புத்தகட்டை அமிலத்தால் அரித்துப் படம் அச்சிடும் கலையைப் பற்றிய அவருடைய நூல் 1969இலும், பைண்டிங் நூல் 1975இலும், மரக்கட்டை அச்சு நூல் 1976இலும் வந்தன. கதையும் கைத்தொழிலும் ஒரே மேசையில்தான் இருந்தன என்பதை அந்தச் சிறுபத்திரிகையே காட்டுகிறது. அப்படியிருக்க, கதை வற்றிப்போனதால் பசைச்சட்டியிடம் ஒதுங்கியவரைப் போல அவரை எழுதியது எந்த ஆதாரத்தில்?

நான் பைண்டிங் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் கைதேர்ந்தவர்; ஆனால் எதற்கும் காரணம் சொன்னதில்லை. அட்டை வளைந்துவிட்டால் திட்டு விழும். ஏன் வளைந்தது என்று கேட்டால் இன்னொரு திட்டு விழும். தாளின் இழையோட்டம் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இல்லாவிட்டால், பசையின் ஈரம் காயும்போது தாள் குறுக்கே இழுத்து அட்டையை வளைத்துவிடும் என்று பானிஸ்டரின் நூலை வைத்துக்கொண்டு படித்துத்தான் தெளிந்தேன். புத்தகத்தின் முதுகை வளைவாக உருட்டும் வேலையும் அப்படித்தான். பசை விரலில் ஒட்டக் கூடாது, முற்றிலும் இறுகிவிடவும் கூடாது. அந்தச் சிறு பொழுதுக்குள் சுத்தியலால் பக்கவாட்டில் இழுத்துத் தட்டி, பாரங்களை, அதாவது மடித்துத் தைத்த தாள்கட்டுகளை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியவிட வேண்டும். கை அறிந்த இந்தப் பொழுதைக் கண்ணால் படிக்கிறவருக்கு உணர்த்த எத்தனை துல்லியமான வாக்கியங்கள் வேண்டும் என்பதை எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள். விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் தையல் சட்டத்தையும் அழுத்துப் பொறியையும் தாங்களே செய்துகொள்ளவும் அவர் வழி காட்டினார். அந்த நூலை வாசித்த யாரும் எழுத்தைக் கைவிட்டவர் என்று அவரைச் சொல்லத் துணிய மாட்டார்கள்.

அவருடைய நாவலையும் நான் படித்திருக்கிறேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்த காகித அட்டைப் பதிப்பு அது. முதுகுப் பசை பொரிந்து, தாள் பழுத்து, பக்கத்தைத் திருப்பினாலே ஓரம் உதிர்ந்தது. மரக்கூழில் தங்கிவிடும் லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் அந்தக் காலத்து மலிவுத்தாளைத் தின்றுவிடுகின்றன. கதைகளை அச்சிட்டவர்கள் அவை ஓராண்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்று எண்ணியதாகவே தெரியவில்லை. தனித்தாள்களைச் சிறு கட்டுகளாகப் பிரித்து, ஓரத்தில் தைத்து, காலிகோ துணி போட்டு நானே கட்டி வைத்திருக்கிறேன். அந்நியர் ஆதிக்கத்தில் வறண்டுபோன பூமியை மீட்கக் கடும் பயிற்சியால் மனத்தை வசப்படுத்திய ஒரு கூட்டம் போராடுகிறது என்பதே கதை. நடை சில இடங்களில் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சி ஒரு மனிதனை என்னவாக்கும் என்ற நம்பிக்கை அதில் உண்மையானது. பின்னால் எழுதிய தொழில் நூல்களிலும் அதே நம்பிக்கையைத்தான் காண்கிறேன்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக மட்டும் இவ்வளவு எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று தாங்கள் வெளியிட்ட நீண்ட பட்டியலில் கைத்தொழில் நூல் ஒன்றுகூட இல்லை. அதைச் சுட்டி நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தையல் பைண்டிங் மறைந்துவருவதைப் பற்றி நான் அனுப்பிய கட்டுரை, "கைவினைப் பகுதி உள்ள இதழ்களுக்கு அனுப்பவும்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மரியாதையான குறிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கதையும் கவிதையும் மட்டுமே எழுத்து, ஒரு வேலையைப் பிழையின்றிச் செய்யக் கற்பிப்பது எழுத்தல்ல என்ற எண்ணம் தங்கள் அலுவலகத்தில் வேரூன்றியிருப்பதை அன்றே புரிந்துகொண்டேன். தங்கள் ஆண்டு மலர்களை வருடந்தோறும் தைத்துக் கட்டுகிறேன். உள்ளோரம், அதாவது தையல் பக்கத்து வெற்றிடம், போதாமல் வரிகளின் முனைகள் தையலுக்குள் போய்விடுகின்றன. பைண்டிங் நூல் ஒன்றைப் புரட்டியிருந்தாலே இந்தக் குறை நேர்ந்திராது.

பானிஸ்டர் 1986இல் காலமானார். அவருடைய பைண்டிங் நூலை டோவர் பதிப்பகம் பின்னர் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. தங்கள் கட்டுரை பேசிய மலிவுத்தாள் இதழ்களில் பெரும்பாலானவையோ எப்போதோ நின்றுபோயின.

நான் கேட்பது இரண்டுதான். அவர் எழுத்தைக் கைவிடவில்லை என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள். வரும் ஆண்டு மலருக்கு உள்ளோரத்தில் கால் அங்குலம் கூட்டிவிட அச்சகத்தாரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், ஓய்வுபெற்ற பைண்டர்